கடைக்காரர் அடித்த காசு

யுத்தம் மூண்டால் உப்பும் துணியும் விளக்கெண்ணெயும் கடைகளிலிருந்து மறையும் என்று ஜனங்கள் முன்கூட்டியே எதிர்பார்த்து, கையிலுள்ள பணத்தைக் கொண்டு அவற்றை வாங்கிப் பதுக்கிவைப்பதுண்டு. வாங்குவதற்கு வேண்டிய காசே கடைத்தெருவை விட்டு மறைந்துபோகும் என்று எதிர்பார்ப்பவர் மிகச் சிலர். 1862-ஆம் வருஷத்துக் கோடைக்காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், நியூயார்க், பிலடெல்பியா, சின்சினாட்டி முதலிய பெருநகரங்களில் வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்தது இதுவேயாகும். கடைகளில் ரொட்டியும் இறைச்சியும் இருந்தன; வாங்க வந்தவர்கள் கையில் டாலர் நோட்டுகளும் இருந்தன; ஆயினும் ஒரு டாலர் நோட்டை நீட்டி ஐந்து சென்டுக்கு ரொட்டி கேட்டவனுக்கு மிச்சம் தொண்ணூற்றைந்து சென்டைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரனிடம் ஒரு காசும் இல்லை. குதிரை டிராமில் ஏறியவனும், தெருமுனையில் பத்திரிகை வாங்கியவனும், மாலையில் ஒரு கோப்பை பீர் அருந்தப் போனவனும் சில்லறை இல்லாமையால் அவமானப்பட்டுத் திரும்பினார்கள். இந்தச் சங்கடத்திலிருந்து ஜனங்களை மீட்டவர்கள் முதலில் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்லர். மளிகைக் கடைக்காரரும், கசாப்புக் கடைக்காரரும், மருந்து வியாபாரியும், சாராயக் கடை முதலாளியும் தத்தம் பெயரைப் பொறித்துத் தாமே காசு அடித்துக்கொண்டார்கள். அந்தச் செப்பு வில்லைகளின் சரித்திரமே இங்கே சொல்லப்போவது.

காசு மறைந்ததற்குக் காரணம் யுத்தந்தான். ஆனால் யுத்தம் அதை நேரடியாக மறைக்கவில்லை. 1861 ஏப்ரல் 12-ஆம் தேதி சம்டர் கோட்டையின்மீது தெற்கத்தியர் சுட்ட பீரங்கியோடு உள்நாட்டுப் போர் ஆரம்பமாயிற்று. சில வாரங்களில் முடிந்துவிடும் என்று இரு தரப்பாரும் எண்ணிய அந்தப் போர், வருஷக் கடைசிக்குள் பொக்கிஷத்தையும் பாங்குகளின் இருப்பையும் உறிஞ்சிவிட்டது. 1861 டிசம்பர் முடிவில் பாங்குகள் நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்திக்கொண்டன. சர்க்காரும் அவ்வாறே நிறுத்தியது. பொக்கிஷக் காரியதரிசி சால்மன் சேஸ் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டதன்மேல், 1862 பிப்ரவரி 25-ஆம் தேதி நிறைவேறிய சட்டத்தின்படி, தங்கத்தால் தாங்கப்படாத காகித நோட்டுகள் 15 கோடி டாலர் அளவுக்கு அச்சிடப்பட்டன. பின்பக்கம் பச்சை மையில் அச்சாகியிருந்த காரணத்தால் ஜனங்கள் அவற்றை ‘கிரீன்பேக்’ என்று அழைத்தார்கள். தங்கம் உடனே ஒளிந்துகொண்டது. அதனால் சாமானியனுக்குப் பெரிய கஷ்டம் ஏதும் இல்லை; தங்கக் காசு அவன் வீட்டு வாசலை மிதித்ததே அபூர்வம். ஆபத்து வந்தது அதன் பின்னால் வெள்ளி நகரத் தொடங்கியபோதுதான்.

வெள்ளிச் சில்லறையை உருக்கி லாபம் பார்க்க இடம் கொடுக்கக் கூடாது என்ற உத்தேசத்தோடு, 1853-ஆம் வருஷத்திலேயே அமெரிக்கச் சட்டம் அரை டாலர், கால் டாலர் முதலிய காசுகளின் எடையைக் குறைத்திருந்தது. அதன் பயனாக, ஒரு டாலர் பெறுமானமுள்ள வெள்ளிச் சில்லறையில் தங்கக் கணக்கில் சுமார் 97 சென்ட் பெறத்தக்க வெள்ளிதான் இருந்தது. மூன்று சென்ட் வித்தியாசம் என்பது சமாதான காலத்தில் போதுமான வேலி. காகித டாலரின் மதிப்பு அந்த வேலிக்குக் கீழே இறங்கிய கணமே, வெள்ளிக் காசைக் கையில் வைத்திருப்பவன் அதைச் சந்தையில் செலவழிப்பது மூடத்தனமாகிவிட்டது. 1862 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அது நிகழ்ந்தது. நாணய மாற்று வியாபாரிகள் வெள்ளிக் காசுகளை வட்டம் கொடுத்து வாங்கி மூட்டை மூட்டையாகக் கனடாவுக்கும் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் அனுப்பினார்கள். கனடாவின் கடைத்தெருக்களில் அமெரிக்க வெள்ளி மலிந்து, அந்நாட்டு வியாபாரிகளுக்கு அது பெருந்தொல்லையாயிற்று. அங்கே வேண்டாத விருந்தாளி, இங்கே தேடியும் கிடைக்காத செல்வம். கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்ற கிரெஷாமின் பெயரால் வழங்கும் விதியைப் பொருளாதாரப் புஸ்தகங்களில் படிப்பதற்கும், அதை ஒரே மாதத்தில் ஒரு நகரம் முழுவதும் அனுபவிப்பதற்கும் எவ்வளவோ தூரம் உண்டு.

சில்லறை இல்லாத ஜனங்கள் செய்துபார்த்த உபாயங்கள் பல. சிலர் ஒரு டாலர் நோட்டையே கத்தரிக்கோலால் இரண்டாகவும் நான்காகவும் வெட்டிச் செலாவணி செய்தார்கள். சிற்றூர் நிர்வாகங்களும் கடைகளும் ‘ஐந்து சென்ட்’, ‘பத்து சென்ட்’ என்று தாமே துண்டுச் சீட்டுகள் அச்சிட்டுக் கொடுத்தன. பால்காரன் சீட்டு, சாப்பாட்டு விடுதியின் சீட்டு, படகுத்துறைச் சீட்டு எல்லாம் கைமாறின. இவற்றைவிட நம்பகமான பொருள் ஒன்று எல்லாருடைய மேஜையிலும் இருந்தது. தபால் தலைக்கு விலை உண்டு. அந்த விலை நாடெங்கும் ஒன்றே. அதற்கு சர்க்காரே பொறுப்பு. ஜனங்கள் தபாலாபீஸை முற்றுகையிட்டுத் தலைகளை வாங்கத் தொடங்கினார்கள். சேஸும் அந்த வழியையே பிடித்துக்கொண்டு, 1862 ஜூலை 17-ஆம் தேதி தபால் தலைகளைச் சர்க்காருக்குச் செலுத்தும் பணமாக அங்கீகரிக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றிவைத்தார். தம்மிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் தம் இலாகாவைக் காசுச்சாலையாக்கிய இந்தச் சட்டம் தபால் இலாகாத் தலைவர் மாண்ட்கோமரி பிளேருக்குக் கொஞ்சமும் ரசிக்கவில்லை.

தபால் தலையின் பின்புறம் பசை என்பதை மட்டும் சட்டம் இயற்றியவர்கள் மறந்துவிட்டார்கள். ஆகஸ்டு மாதத்து வெயிலில், வியர்வை படிந்த விரல்களுக்கிடையே, சட்டைப்பையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தலைகளைப் பிரிக்கப் போனால் கிழிந்தன. பிரிக்காமல் விட்டால் எண்ண முடியவில்லை. எழுதுபொருள் வியாபாரிகள் சிறு சிறு உறைகள் அச்சிட்டு, உள்ளே எத்தனை சென்டுக்குத் தலைகள் இருக்கின்றன என்பதை வெளியே எழுதி விற்றார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தால் எழுதிய தொகைக்குக் குறைவாக இருப்பது சகஜமாயிற்று. பொக்கிஷாதிகாரி பிரான்சிஸ் ஸ்பின்னர் தலைகளைக் காகிதத்துண்டில் ஒட்டி அளவாக வெட்டிப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் தபால் தலைப் படத்தையே அச்சிட்டு, பசையில்லாமல், ஆகஸ்டு 21 முதல் வெளியான ‘தபால் நாணயம்’ என்ற சிறு நோட்டு வரிசை. அதன் மதிப்புகள் 5, 10, 25, 50 சென்ட்.

இந்த உபாயங்களுக்குள்ளே மிக அழகானது ஜான் கால்ட் என்பவர் 1862 ஆகஸ்டு 12-ஆம் தேதி காப்புரிமை பெற்ற பித்தளைச் சிமிழ். ஒரு வட்டமான பித்தளைத் தகட்டுக்குள் தபால் தலையை வைத்து, முன்பக்கம் தலை தெரியும்படி மெல்லிய அப்பிரகத் தகடு பதித்து, விளிம்பை மடித்து இறுக்கிவிட்டார் அவர். பட்டன் செய்யும் இயந்திரத்திலேயே இதைச் செய்ய முடிந்தது. கனெக்டிகட் மாகாணத்து வாட்டர்பரியில் இருந்த ஸ்கோவில் தொழிற்சாலை செய்தும் கொடுத்தது. தலை கிழியாது, ஒட்டாது, அழுக்குப் படாது. கையில் வாங்கினால் காசைப் போலவே கனமும் ஓசையும் உண்டு. தலையின் விலையோடு சிமிழின் செலவும் சேர்வதால் கால்ட் ஒரு யுக்தி செய்தார்: சிமிழின் பின்பக்கத்தை விளம்பரத்துக்கு விற்றார். ஏயர் கம்பெனியின் நன்னாரிக் கஷாயமும் மாத்திரையும், டிரேக்கின் கசப்பு மருந்தும், லார்டு அண்டு டெய்லர் ஜவுளிக் கடையும் அந்தப் பித்தளை முதுகுகளில் ஏறி அமெரிக்கா முழுவதும் பிரயாணம் செய்தன. ஒரு சென்ட் தலை முதல் 90 சென்ட் தலை வரையில் இப்படி அடைபட்டன. மறு பக்கத்தில் மருந்து விளம்பரமிருந்தும் மதிப்புக் குறையாத காசு உலக சரித்திரத்தில் அதிகம் இராது என்று நினைக்கிறேன்.

ஆனால் மேற்சொன்ன தபால் நாணய வரிசையில் பெரியதொரு ஓட்டை இருந்தது. ஐந்து சென்டுக்குக் கீழே என்ன செய்வது? ஒரு சென்ட் காசு அப்போது செம்பு 88 பங்கும் நிக்கல் 12 பங்கும் கலந்து, 72 கிரெய்ன் எடையில், வெளிறிய நிறத்தில் இருந்தது. 1857-இல் பழைய பெரிய செப்புக் காசுகளுக்குப் பதிலாக இது வந்தபோது, தங்கசாலை அடித்துத் தள்ளிய வேகத்தில் கடைக்காரர்கள் ‘இந்த வெள்ளைக் காசு எங்களுக்கு வேண்டாம்’ என்று சலித்துக்கொள்ளும் அளவுக்கு மலிந்துகிடந்தது. வெள்ளி மறைந்ததும் அதே வேண்டாத காசுக்கு ராஜயோகம் பிறந்தது. கடைத்தெருவில் எஞ்சிய ஒரே உலோகப் பணம் அதுதான் என்பதால், இருபத்தைந்தும் ஐம்பதுமாகப் பொட்டலம் கட்டி வெள்ளிக்குப் பதிலாகக் கொடுத்தார்கள். கிடைத்தவர்கள் பானையிலும் பெட்டியிலும் பதுக்கினார்கள். வட்டம் கொடுத்தாலொழிய சென்ட் கிடைக்காது என்ற நிலைமை வந்தது. 1863-ஆம் வருஷத்தில் மாத்திரம் பிலடெல்பியா தங்கசாலை 4 கோடி 98 லட்சம் சென்ட் அடித்தது. அடித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தங்கசாலைக்கே விளங்கவில்லை. இந்த இடத்தில்தான் கடைக்காரர் நாணயம் மேடைக்கு வருகிறது.

1862-இன் இலையுதிர் காலத்தில் சின்சினாட்டியிலும் அதைச் சுற்றிய மேற்கத்திய நகரங்களிலும் முதல் வில்லைகள் தோன்றின. அடுத்த வருஷம் நியூயார்க் பின்தொடர்ந்தது. சின்சினாட்டியில் முத்திரை வெட்டுபவர்கள், பித்தளைப் பெயர்ப்பலகையும் ரப்பர் முத்திரைக்கு முற்பட்ட உலோக முத்திரைகளும் செய்து பிழைத்துவந்தவர்கள், திடீரென்று பண உற்பத்தியாளர்களாக மாறினார்கள். ஜான் ஸ்டாண்டன், வில்லியம் லான்ஃபியர், மர்டாக்-ஸ்பென்ஸர் கூட்டாளிகள் ஆகியோர் பெயர் அவர்களுள் முக்கியமானது. அவர்கள் தொழில் செய்த முறை எளியது. வில்லையின் ஒரு பக்கத்துக்குப் பொதுவான அச்சுகள் பலவற்றை அவர்கள் தயாராக வெட்டி வைத்திருந்தார்கள். சிறகுக் கிரீடம் அணிந்த பெண்ணின் முகம், கழுகு, கொடி, பீரங்கி, மருந்து அரைக்கும் கல்வம், பூட்டு, பூட்ஸ், நுரை ததும்பும் பீர்க் கோப்பை என்று வரிசையாக இருக்கும். கடைக்காரர் வந்து தம் தொழிலுக்குப் பொருத்தமானதைச் சுட்டிக்காட்டினால் போதும். மறுபக்கத்துக்கு மட்டும் அவர் பெயரும் தெருவும் கொண்ட புதிய அச்சு வெட்டப்படும். ஒரே கழுகு பத்துக் கடைகளுக்கு உழைத்தது. லான்ஃபியர் வைத்திருந்த ஒரு பொது அச்சில் ‘வியாபாரச் சீட்டு’ என்ற பொருள்பட எழுதியிருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு இது காசு அல்ல, விளம்பரந்தான் என்று சொல்லித் தப்பிக்க அது வசதி.

வில்லைகள் பெரும்பாலும் சர்க்கார் சென்டின் அகலமே, அதாவது சுமார் 19 மில்லிமீட்டரே இருந்தன. ஆனால் கனம் குறைவு, நிக்கல் கிடையாது, வெறும் செம்பு அல்லது வெண்கலம், சில பித்தளை. ஒரு சென்டுக்குச் செல்லும் வில்லையைக் கடைக்காரர் ஒரு சென்டைவிட வெகு குறைந்த விலைக்கு வாங்கினார். மொத்தத்தில் அவருக்கு மூன்று லாபங்கள்: சில்லறைக் கஷ்டம் தீர்ந்தது, பெயர் ஊரெல்லாம் பரவியது, திரும்பி வராத ஒவ்வொரு வில்லையும் அவருக்கு வட்டியில்லாக் கடன். முதலிரண்டு லாபங்களைப் பற்றி யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

கடைப் பெயர் தாங்கியவை ஒரு ஜாதி என்றால், பெயரே இல்லாமல் தேசபக்தி வாசகம் மட்டும் தாங்கியவை மற்றொரு ஜாதி. பின்னவை யார் வெளியிட்டவை என்று தெரியாது. ஆகவே யாரிடம் போய் மாற்றிக் கேட்பது என்றும் தெரியாது. ஆயினும் சண்டைக் காலத்தில் ‘ஐக்கியம் வாழ்க’ என்ற கருத்துக்கொண்ட வாசகத்தையும் கொடிப் படத்தையும் தாங்கிய காசை வேண்டாமென்று சொல்ல எந்தக் கடைக்காரனுக்குத் துணிவு வரும்? தரைப்படைக்கும் கப்பற்படைக்கும் வணக்கம் செலுத்தியவை பல. சில வில்லைகள் ‘நான் உனக்கு ஒரு சென்ட் கடன்’ என்று எழுதிய பத்திரம்போல் நடித்தன. அந்தக் கடனாளி யார் என்பது மட்டும் எழுதப்படவில்லை.

இவற்றுள் கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. முன்பக்கத்தில் சிறகுக் கிரீடத்தோடு கூடிய செவ்விந்தியத் தலை, சர்க்கார் சென்டில் உள்ளதைப் போலவே. பின்பக்கத்தில் இலை மாலை, மாலைக்குள் ‘ஒரு சென்ட்’ என்று இரண்டு வரியில் பெரிய எழுத்து, அதுவும் சர்க்கார் சென்டில் உள்ளதைப் போலவே. அவசரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்பவன் கண்ணில் இவ்வளவுதான் படும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தப் பெரிய எழுத்துகளுக்கு மேலே பொடி எழுத்தில் ‘அல்ல’ என்ற பொருள்தரும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் நிற்கும். கள்ளக்காசு அடித்தான் என்று வழக்குத் தொடர்ந்தால், ‘ஒரு சென்ட் அல்ல என்று நானே எழுதியிருக்கிறேனே’ என்று வாதாட இடம் வைத்துக்கொண்ட சாமர்த்தியம் இது. இந்தத் தந்திரமும் புதிதல்ல. 1837-இல் ஆரம்பித்த வியாபார மந்தத்தின்போது வழங்கிய பழைய செப்பு வில்லைகளில், அந்நியருக்குக் கப்பமாக ஒரு சென்டும் கொடோம் என்ற தேசாபிமான வாசகத்தின் நடுவிலே ‘ஒரு சென்ட்’ என்பதைப் பெரிதாக எழுதிப் பிழைத்துக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இவர்கள்.

இன்னொரு வில்லை ஜான் ஆடம்ஸ் டிக்ஸ் என்பவரைப் புகழ்வது. அவர் போருக்குச் சற்று முன்பு பொக்கிஷக் காரியதரிசியாக இருந்தபோது, 1861 ஜனவரி 29-ஆம் தேதி, அமெரிக்கக் கொடியை இறக்க முயல்பவனை நின்ற இடத்திலேயே சுட்டுத் தள்ளும்படி நியூ ஆர்லியன்ஸுக்குத் தந்தி கொடுத்தார். அந்தத் தந்தி வடக்கே ஒவ்வொரு வீட்டிலும் மனப்பாடமாயிற்று. முத்திரை வெட்டுபவர்களும் வில்லையின் விளிம்பைச் சுற்றி அதை வெட்டினார்கள். ஒருவர் ‘ஸ்பாட்’ என்ற கடைசிச் சொல்லில் ஓர் ‘ஓ’ அதிகமாக வெட்டி ‘ஸ்பூட்’ ஆக்கிவிட்டார். அந்தத் தப்பும் சரியான வில்லைகளோடு ஒன்றாகவே செலாவணியாயிற்று. சில்லறைக்குத் தவிக்கிறவன் எழுத்துப்பிழை பார்ப்பதில்லை.

படைமுகாம்களுக்குள்ளே வேறொரு வகை வில்லை வழங்கிற்று. ஒவ்வொரு படைப்பிரிவோடும் உத்தரவு பெற்ற பாசறை வணிகன் ஒருவன் கூடாரம் அடித்துக்கொண்டு, புகையிலை, பாலாடைக்கட்டி, பிஸ்கோத்து, மை, ஊசி முதலியவற்றை விற்றுவந்தான். சிப்பாய்க்குச் சம்பளம் மாதக்கணக்காகத் தாமதமாகும். வணிகன் அவனுக்குத் தன் பெயரும் படைப்பிரிவின் இலக்கமும் பொறித்த 5, 10, 25, 50 சென்ட் வில்லைகளைக் கடனாகக் கொடுத்து, சம்பளநாளில் பிடித்துக்கொள்வான். சின்சினாட்டி ஸ்டாண்டனின் பட்டறையிலிருந்து இவையும் ஏராளமாகப் போயின. நகரத்து வில்லையை எந்தக் கடையிலும் நீட்டலாம். பாசறை வில்லையோ அந்த ஒரே கூடாரத்தில்தான் செல்லும், விலையும் அவன் வைத்ததே விலை. ஆபத்துக்காலத்தில் பிறந்த பணங்களில் எல்லாம் சிப்பாயைப் பிடித்த இந்தப் பணத்தையே நான் மிகவும் நிந்திப்பேன். மற்றவை தேவைக்குப் பிறந்தவை. இது கடனாளியைக் கட்டிப்போடப் பிறந்தது.

நியூயார்க் நகரத்து வில்லைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அனைவரும் ஒரு பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். குஸ்தாவஸ் லிண்டன்மூலர் என்னும் ஜெர்மானியர் அங்கே ஒரு பெரிய பீர்ச் சாலை நடத்திவந்தார். நீண்ட தாடியோடு கூடிய தம் முகத்தையே முன்பக்கத்திலும், நுரை வழியும் பீர்க் கோப்பையைப் பின்பக்கத்திலும் பொறித்து, 1863 என்று வருஷமும் இட்டு, அவர் வெளியிட்ட வில்லைகள் 10 லட்சத்துக்கு மேல் என்று சொல்வார்கள். பீர் குடிக்க வந்தவன் வாங்கிய வில்லை, மறுநாள் டிராமில் கட்டணமாகப் போயிற்று; வீதி டிராம்களில் ஒன்றை நடத்திவந்த மூன்றாம் அவென்யூக் கம்பெனியின் பெட்டியில் அவை மலைபோல் குவிந்தன. கம்பெனியார் அவற்றை மூட்டை கட்டிக்கொண்டுபோய்ச் செல்லுபடியான பணம் கேட்டபோது, லிண்டன்மூலர் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லிவிட்டதாக வரலாறு. கம்பெனியார் வழக்குத் தொடரவும் வழியில்லை. அந்த வில்லை ஒரு சென்ட் தருவதாக எங்கும் வாக்களிக்கவில்லை; சட்டமோ அத்தகைய வில்லையை வாங்கிக் கொடுப்பதையே குற்றமாக்கியிருந்தது. வாங்கினதும் குற்றம், நஷ்டத்தைச் சொல்லிக்கொண்டாலும் குற்றம்!

சட்டத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தபால் தலையைப் பணமாக்கிய 1862 ஜூலைச் சட்டமே, ஒரு டாலருக்குக் குறைந்த தொகைக்குச் சீட்டோ வில்லையோ பணமாக வழங்கும் நோக்கத்தோடு வெளியிடுகிறவனுக்கு 500 டாலர் வரையில் அபராதம் அல்லது ஆறு மாதம் வரையில் சிறைவாசம் என்று விதித்திருந்தது. அந்த விதி புஸ்தகத்தில் உறங்கிற்று. சில்லறையை சர்க்கார் தரமுடியாத வரையில், தந்தவனைத் தண்டிப்பது ஜனங்களைத் தண்டிப்பதாகும் என்பதை அதிகாரிகள் வாயால் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கையால் ஒப்புக்கொண்டார்கள். இங்கிலாந்திலும் இவ்விதமே நடந்ததுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த போரின் பின் சில்லறையற்றுப்போன கடைத்தெருவில் வியாபாரிகள் அடித்த வில்லைகள், 1672-இல் அரசாங்கமே செப்புக் காசு அடித்துத் தரும் வரையில் தடையின்றி வழங்கிவந்தன.

அமெரிக்க சர்க்காரில் கண்ணைத் திறந்து பார்த்தவர் தங்கசாலை டைரக்டர் ஜேம்ஸ் போலக். இந்த வில்லைகளைச் சட்டவிரோதம், போலி என்றெல்லாம் அவர் தம் அறிக்கையில் கண்டித்தார். அதே மூச்சில் அவற்றிலிருந்து ஒரு பாடமும் எடுத்துக்கொண்டார். மெல்லிய வெண்கலத் துண்டை, உள்ளே இருக்கும் உலோகத்தின் விலையைப் பற்றிச் சற்றும் கவலைப்படாமல், ஜனங்கள் ஒரு சென்ட் என்று நம்பி வாங்குகிறார்களே! அப்படியானால் கனத்த நிக்கல் காசை எதற்காக அடித்துக்கொண்டிருக்கவேண்டும்? நிக்கல் கிடைப்பதும் அருமை. கடினமான உலோகமாதலால் அச்சுகள் விரைவில் உடைகின்றன. செம்பு 95 பங்கும், வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்து 5 பங்கும் கொண்ட வெண்கலத்தில், 48 கிரெய்ன் எடைக்குச் சென்ட் அடித்தால் போதும் என்று அவர் வற்புறுத்தினார். எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. பென்சில்வேனியாவில் கேப் என்ற இடத்து நிக்கல் சுரங்கத்தைக் கையில் வைத்திருந்த ஜோசப் வார்ட்டன் நிக்கலுக்காக வாதாடிப் பிரசுரம் எழுதினார். அந்தப் பிரதேசத்தின் காங்கிரஸ் பிரதிநிதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் சபையில் எதிர்த்துப் பேசினார். போலக் வென்றார்.

1864 ஏப்ரல் 22-ஆம் தேதிச் சட்டம் வெண்கலச் சென்டையும் புதியதோர் இரண்டு சென்ட் காசையும் ஏற்படுத்திற்று. அமெரிக்கப் பணத்தில் இன்றும் காணப்படும் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் முதன்முதலில் ஏறியது அந்த எளிய இரண்டு சென்ட் காசில்தான். அதுவரை சென்டைக் கடனுக்கு ஈடாக வாங்கிக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயமே கிடையாது; இந்தச் சட்டம் சென்டைப் பத்து சென்ட் வரையில் சட்டபூர்வமான பணமாக்கியதோடு, அதைப் போன்ற வில்லைகளை அடிப்பவனுக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஐந்து வருஷம் வரை சிறையும் விதித்தது. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில், ஜூன் 8-ஆம் தேதி வேறொரு சட்டம், சர்க்கார் காசைப் போன்றதாயினும் சொந்தக் கற்பனையாயினும், தனியார் பணமாக வழங்க எந்த உலோகக் காசை அடித்தாலும் 3,000 டாலர் வரை அபராதம் என்று கதவை முழுவதும் சாத்திவிட்டது. தண்டனைக்குப் பயந்து வில்லை ஒழிந்தது என்று சொல்வதைவிட, புதிய வெண்கலச் சென்ட் தாராளமாகப் புழங்கியதால் அது தேவையற்றுப் போயிற்று என்பதே என் அபிப்பிராயம். முந்தின சட்டத்திலும்தான் தண்டனை இருந்தது, யார் பயந்தார்கள்?

பெயருள்ள வில்லைகளை மதித்து மாற்றிக் கொடுத்த நேர்மையான வியாபாரிகளும் இருந்திருப்பார்கள். எனினும் அனாமதேய வில்லைகளின் நஷ்டம் முழுவதும் கடைசியில் வைத்திருந்தவன் தலையில் விழுந்தது. தலைக்கு ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று சிதறிய நஷ்டமாகையால் யாரும் கூக்குரலிடவில்லை. அதே காலத்தில் காகித டாலர் அடைந்த வீழ்ச்சியோடு ஒப்பிட்டால் இது அற்பம்: 1864 ஜூலையில் 100 டாலர் தங்கத்துக்கு 285 காகித டாலர் கொடுக்கவேண்டியிருந்தது. லிண்டன்மூலர் சிரித்ததைப் பழிப்பவர்கள் இந்த எண்ணையும் நினைவில் வைக்கவேண்டும். சில்லறைக் காகித நோட்டுகள் போர் முடிந்தும் பல வருஷம் அழுக்கேறிக் கைமாறின. அவற்றில் ஐந்து சென்ட் நோட்டு ஒன்றில், நோட்டு அச்சிடும் இலாகாவின் தலைவர் ஸ்பென்ஸர் கிளார்க் தம் உருவத்தையே பதித்துக்கொள்ள, கோபங்கொண்ட காங்கிரஸ் 1866-இல், உயிரோடிருப்பவர் முகம் இனிப் பணத்தில் வரக்கூடாது என்று சட்டம் செய்தது. வெள்ளிச் சில்லறை 1876-வாக்கில்தான் கடைத்தெருவுக்குத் திரும்பிற்று. நோட்டுக்குத் தங்கம் தருவது 1879 ஜனவரி முதல் தேதியில்தான் மறுபடி ஆரம்பமாயிற்று.

வில்லைகள் மொத்தத்தில் 2 கோடியே 50 லட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். அவை வழங்கிய காலம் இரண்டு வருஷத்துக்கும் குறைவு. ஆகையால் தேய்மானம் அதிகமின்றிக் கூர்மையான எழுத்தோடு இன்றும் கிடைக்கின்றன. அவை புழங்கிய நாளிலேயே சேகரிப்பவர்கள் தோன்றிவிட்டதும் உண்மை. அவர்களுக்கென்றே வெள்ளியிலும் விசித்திரமான உலோகங்களிலும் சில முத்திரை வெட்டுபவர்கள் தனியாக அடித்து விற்றார்கள். ஹெட்ரிச், குட்டாக் என்ற இருவர் 1924-இல் வெளியிட்ட பட்டியலும், பின்னர் மெல்வின், ஜார்ஜ் ஃபுல்ட் என்ற தந்தையும் மகனும் தொகுத்த பட்டியல்களும் ஆயிரக்கணக்கான வகைகளை வரிசைப்படுத்தியிருக்கின்றன. ஒஹையோ மாகாணத்து வகைகளே அவற்றுள் மிகுதி. பெரிய மனிதர்கள் எழுதிவைத்த சரித்திரத்தில் இடம்பெறாத முடிதிருத்துபவர், பல் பிடுங்குபவர், சவப்பெட்டி செய்பவர், புகைப்படம் எடுப்பவர் ஆகியோர் இன்ன வருஷத்தில் இன்ன தெருவில் கடை வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு சென்ட் செம்பே சில வேளைகளில் முக்கிய சாட்சி.

கடைத்தெரு சோதித்துக் கொடுத்து, போலக் சட்டமாக்கிய அந்த வெண்கலக் கலவை அமெரிக்கச் சென்டில் ஏறக்குறைய எண்பது வருஷம் மாறாமல் நிலைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் தோட்டாவுக்குச் செம்பு வேண்டியிருந்ததால், 1943-இல் அந்நாட்டார் துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். நம் நாட்டிலும் அப்போது அதே கதைதான்: 1940-லேயே ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்க, சர்க்கார் ஒரு ரூபாய் நோட்டு வெளியிட்டது, தேவைக்கு மேல் காசு சேர்த்துவைப்பதைக் குற்றமாக்கியது, மோர்வி, ஜூனாகட், நவாநகர், பூந்தி முதலிய சமஸ்தானங்கள் அட்டைத்துண்டுகளைச் சில்லறையாக அச்சிட்டுக்கொண்டன. பழைய காலணாவில் பாதி எடைகூட இல்லாததும், செம்பை மிச்சப்படுத்த நடுவிலே துளையிட்டதுமான ஓட்டைக் காலணா இந்தியத் தங்கசாலைகளிலிருந்து வெளிவந்ததும் அதே 1943-ஆம் வருஷத்தில்தான்.